வாத்து நெய்

நான்தான் தின்றேன், அண்ணா.
இப்போது சொல்லலாம். பூனையும் செத்துவிட்டது.

நாரெவ் ஆறு உறைந்து
படகுகள் கரையில் குப்புறக் கிடந்த ஜனவரி.
நீ காட்டுக்கு மரம் வெட்டப் போய் மூன்று வாரம்.
வீட்டில் அண்ணி பெலாகியா,
ஐந்து வயது செஷா,
செங்கல் சூளையில் வேலை போன நான்,
பிறகு அந்த ஜாடி.

மார்ட்டின் திருநாளுக்கு அறுத்த வாத்தின் நெய் அது.
வாயில் துணி இறுகக் கட்டி
ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்
குளிருக்குள் வைத்திருந்தாள்.
ஞாயிறு மதியம் என்றால் அது சமையல்.
வீட்டில் யாராவது இருமினால்
அந்த நிமிடத்திலிருந்து மருந்து.
அப்புறம் யாரும் கரண்டி நீட்டக் கூடாது.

செவ்வாய் இரவு செஷா இருமினாள்.
முதலில் எங்கோ தூரத்து நாய் குரைப்பதுபோல.
பிறகு நம் வாசலிலேயே.

அண்ணி வெங்காயத்தை வட்டமாக அரிந்து
ஒரு வட்டம், கொஞ்சம் சீனி, இன்னொரு வட்டம்
என்று அடுக்கி அடுப்போரம் வைத்தாள்.
லிண்டன் பூ கொதித்தது.
சின்னக் கண்ணாடிக் குவளைகளுக்குள் தீயைக் காட்டி
குழந்தை முதுகில் ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தாள்.
தோல் உள்ளே உப்பியது.
எடுத்தபோது பன்னிரண்டு சிவப்பு நிலா.
கடைசியில் நெய்:
மார்பில், உள்ளங்காலில், காதுக்குப் பின்னால்.
மேலே உன் பழைய கம்பளிச் சட்டை.

எனக்கு அன்றைக்குப் புளித்த ரை மாவுக் கஞ்சி.
முந்தின நாளும் அதுதான்.
புளிப்பு வயிற்றைக் கழுவிவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் கஞ்சி.

புதன் நள்ளிரவு எழுந்தேன்.
வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, ஆறிப்போனது.
சாறு வடித்த வெங்காயச் சக்கை கிண்ணத்தில்.
ஜன்னலைத் திறந்தேன்.
பொரித்தால் வாசனை ஊரைக் கூட்டும்,
அதனால் அப்படியே,
வெள்ளை வெளேரென்று உறைந்த நெய்யைக்
கிழங்கின் மேல் தடவி,
இனிக்கும் வெங்காயத்தை வைத்து
இருட்டில் நின்றபடி.
குழந்தை உள்ளே இருமிக்கொண்டிருந்தது.
கேட்டுக்கொண்டேதான் மென்றேன்.
என் கல்யாண விருந்தில்கூட
அவ்வளவு ருசியாக எதுவும் இல்லை, அண்ணா.
முதல் கரண்டி நினைவிருக்கிறது.
மற்றதை எண்ணவில்லை.

காலையில் ஜாடிக்குள் விரலை விட்டு அளந்தாள்.
பூனையைத் தூக்கிப் பனியில் எறிந்தாள்.
“முடிச்சுப் போடத் தெரிந்த பூனை” என்றாள்.
பார்த்தது என்னை.

ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு
கால்களில் வைக்கோல் சுற்றி
உறைந்த ஆற்றின் மேல் அக்கரைக்கு நடந்தேன்.
ஆலைக்கார விதவை தியோஃபிலா
பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அரைப் புட்டி கொடுத்தாள். அரை!
பேரம் பேச எனக்கு வாயில்லை.

நீ வந்தபோது அந்த பூட்ஸைக் கேட்டாய்.
திருட்டுப் போனது என்றேன்.
அது பொய்யில்லை.

அன்றிரவு பழைய ஜாடியிலிருந்துதான் தடவினாள்.
புதுப் புட்டியைத் தொடவில்லை.
செஷா மூக்கைச் சுருக்கினாள்:
“அம்மா, என் மேல சாப்பாட்டு வாசம்.”
அண்ணியின் விரல் நின்றது.
குழந்தையின் நெஞ்சில் ஒரு துணுக்கு வெங்காயம்.
எடுத்தாள்.
நடந்து வந்து
என் கஞ்சித் தட்டின் விளிம்பில் வைத்தாள்.
திரும்பிப் போய்த் தடவினாள்.

இருமல் எப்போது நின்றது என்று கேட்காதே.
வெள்ளியா சனியா, எது கேட்டது,
நெய்யா, பூவா, வெறும் நாட்களா, யாருக்குத் தெரியும்.
சனிக்கிழமை பூனை அடுப்படிக்குத் திரும்பியிருந்தது.

ஞாயிறு. ஆவி பறக்கும் கிழங்கு.
செஷாவுக்கு ஒரு கரண்டி நெய்.
தனக்கு அரைக் கரண்டி.
என் தட்டின் மேல் கரண்டி வந்து நின்றது,
சாயவில்லை.

“இருமு” என்றாள்.

இருபத்து நான்கு வயது எனக்கு.
குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. பூனையும்.
இருமினேன்.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள்,
“நெஞ்சிலிருந்து.”