முந்தைய வேலை

ஹட்டனில், கோழிக்கடைக்கு மேல்மாடியில்,
ஒரு மாதத்துக்குக் கடன் வாங்கிய மடிக்கணினி.
பதினோரு பாடங்கள், பாடத்துக்கு இருபது நிமிடம்.
"இருபத்திநாலு வீடு, ஒரு தடுப்புச் சுவர், ஒரு கான்,
எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டிடுங்க நிர்மலகாந்தி"
என்று சொல்லிவிட்டு
அசேல சேர் கண்டி பஸ் ஏறிவிட்டார்.

முதல் நாள் நான் எழுதிய அத்தனையும்
ஒரே திங்கட்கிழமை காலை தொடங்கின.
அத்திவாரம் எட்டு மணிக்கு.
கூரைத் தகடு எட்டு மணிக்கு.
கதவுக்குப் பெயின்ட், திறப்பு விழாவுக்கு மாலை,
எல்லாம் எட்டு மணிக்கு.
அவசரத்தில் இருக்கும் கடவுள் மாதிரி இருந்தது திரை.

மூன்றாம் பாடம்: முந்தைய வேலை.
எதற்குப் பின் எது என்று நீதான் சொல்ல வேண்டும்,
அதற்குத் தானாகத் தெரியாது.
சொன்னேன்.
கோடுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு
வளைந்து வளைந்து இறங்கின,
ரொசல்லைப் பக்கம் ரயில் போவதுபோல.
கொங்கிறீட் இறுக இருபத்தெட்டு நாள்.
யாருக்கும் வேலையில்லை, நாள் மட்டும் போகும்.
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. பிடித்துப்போனது.

நாட்காட்டியில் போயா தினங்களை அடைத்தேன்.
தீபாவளிக்கு மூன்று நாள், தீமிதிக்கு ஒன்று.
மழைக்கு எத்தனை என்று அது கேட்கவில்லை.
ஜூனில் பாதியை நானே சாம்பல் நிறமாக்கினேன்.

பிறகு வளங்கள்.
சீமெந்து ஒரு வளம். கலவை மெசின் ஒரு வளம்.
அரை அங்குலக் கம்பிக்கும் ஆற்றுமணலுக்கும் நடுவே
ஞானமுத்து பாஸும் ஒரு வளம்.
பக்கத்தில் ஒரு கேள்வி: நூறு வீதமா, ஐம்பதா?
எனக்குச் சிரிப்பு வந்தது.
இதைத்தானே செக்ரோலில்
முழுப்பேர், அரைப்பேர் என்று அம்மாவுக்குப் போட்டார்கள்.
கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால்
அன்றைக்கு அவள் ஐம்பது வீத மனுசி.

பாஸ் சிவப்பாக மாறினார். இருநூறு வீதம்.
ஒரே செவ்வாயில் ஏழாம் வீட்டிலும் பதினாறாம் வீட்டிலும்
அவரை நிறுத்தி வைத்திருந்தேன்.
'சமப்படுத்து' என்று ஒரு பொத்தான்.
அமுக்கினேன். சிவப்புப் போனது.
நவம்பரில் முடியவேண்டிய வீடுகள்
சத்தமில்லாமல் பெப்ரவரிக்கு நகர்ந்தன.
பழையபடி ஆக்கிவிட்டு,
இன்னொரு பாஸைத் தேடி நோர்வூட்டுக்கு மூன்று கோல் எடுத்தேன்.

சனிக்கிழமை
பெரிய தாளில் அச்சடித்து, உரப்பைக்குள் சுருட்டி,
மேற்கணக்குக்குக் கொண்டுபோனேன்.
தகரத்தில் விரித்து நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தோம்.
"கலர் நல்லா இருக்கு" என்றார் பாஸ்.
செபமாலைமேரி ஈரத் தலைத்துணியைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தாள்.
"மணல் வந்திருச்சின்னு போட்டிருக்கே, எங்க வந்திருச்சி?"
"இங்கதான்."
"லொறி கோயிலடியிலதானே கொட்டும்.
அங்கருந்து தானா ஏறி வருதா?"

இருநூற்றுப் பதினாலு படி.
இறங்கும்போது எண்ணினேன், வெறுங்கையோடு.

இரவு, நடுவில் ஒரு வெற்று வரியைச் சேர்த்தேன்.
மணல், கல், கம்பி, தகடு: தலைச்சுமை.
ஆறு பேர். நூறு வீதம்.
முந்தைய வேலை: லொறி.
பிந்தைய வேலை: மற்றதெல்லாம்.
தட்டியதும் இருபத்திநாலு வீடும் ஒருதரம் குலுங்கிப்
பத்தொன்பது நாள் தள்ளிப்போய் நின்றன.
எது பிந்தினால் எல்லாம் பிந்துமோ
அந்தப் பாதையைக் காட்டச் சொன்னேன். எட்டாம் பாடம்.
பாஸ் இல்லை, சீமெந்தும் இல்லை.
கோயிலடியிலிருந்து ஏறும் வரிதான்
சிவந்து கிடந்தது.

திங்கள் காலை கண்டியிலிருந்து அழைப்பு.
"என்ன இது, பத்தொன்பது நாள்?
நாளைக்கு மீட்டிங். அந்த வரியைத் தூக்கிட ஏலாதா?"
தூக்கலாம். ஒரு விசை போதும்.
"அது ஒன்பதாம் பாடம் சேர்," என்றேன்.
"நான் இன்னும் அங்க போகல்ல."