மூன்று மீட்டர்

மில்டுராவில் நாற்பத்தொரு டிகிரி.
கிளப் கொட்டகையின் ஃபேன்
வெக்கையை ஒரு மூலையிலிருந்து எடுத்து
இன்னொரு மூலையில் வைக்கிறது.
செயலாளர் நான்; எழுதிக்கொள்கிறேன்:
வந்திருந்தோர் ஐம்பத்தெட்டுப் பேர்.
ஒரு நாயும். அதை எழுதவில்லை.

மெல்பர்ன் சம்மேளனத்தின் கடிதத்தை
டெரன்ஸ் ஹால்பின்
கையை முழுக்க நீட்டிப் பிடித்து வாசிக்கிறார்,
பாம்பைப் பிடித்ததுபோல.
தலைக்கு இருபத்தாறு டாலர் கூடுகிறது இன்ஷூரன்ஸ்.
ஒருநாள் லைசென்ஸ் இனிக் கிடையாது.
சம்மேளனம் ஒப்பாத பந்தயத்தில் ஓட்டுகிறவர்
ஓராண்டு எங்கேயும் ஓட்ட முடியாது.
மூன்றாம் வளைவின் வேலியை
மூன்று மீட்டர் பின்னே தள்ள வேண்டும்.

கடைசி வரிக்குச் சிரிப்பு.
"அவனுங்கள்ல ஒருத்தனாவது
இந்த மண்ணுல ஒரு சுத்து ஓட்டியிருக்கானா?"
கேட்டவர் வின்ச் சனெல்லா.
திராட்சைத் தோட்டம் கழுத்துவரை கடனில்.
இருபத்தாறு டாலரை அவர்
மூன்று பையன்களால் பெருக்கிப் பார்ப்பவர்.
அவர் கோபத்தில் கலப்படம் இல்லை.

ஏழு கிளப் சேர்ந்து பிரிந்துவிடலாம் என்கிறார்கள்.
குவீன்ஸ்லாந்துக் கம்பெனி ஒன்று
பாதி விலைக்குத் தருகிறதாம்.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்,
என்று நாக்கு நுனிவரை வந்தது.
இங்கிலீஷில் சொன்னால் பூசாரி பாதிரியாகி
சண்டை வேறு பக்கம் போய்விடும்.
விழுங்கிவிட்டேன்.

எர்டாலுக்குத் தனிக்கொடி வேண்டும்.
அவர் மகள் செவ்கிக்கு மாநிலப் பட்டம் வேண்டும்.
ஒரே யூட்டில் வந்தவர்கள்
ஆளுக்கொரு சுவரில் சாய்ந்திருக்கிறார்கள்.
பதினாறு வயதுக்கு வாக்கு இல்லை.
ஹெல்மெட்டை மடியில் வைத்து
அதன் கண்ணாடியை நகத்தால் சுரண்டுகிறாள்.

போன வருஷம் ஜனவரி.
மஞ்சள் கொடி என் கையில்.
கைல் டிரெகோனிங்கின் பின்சக்கரம் வழுக்கி
வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
வண்டி புல்லில் போய்ப் படுத்தது.
அவனை நிறுத்தியது வேலிக் கம்பம்.
பழமொழியில் வேலி பயிரை மேயும்;
இது தொடையெலும்பை மேய்ந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்பே
வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர்
டேப்போடு வந்து, குனிந்து அளந்து,
இதே மூன்று மீட்டரைச் சொன்னார்.
சாசேஜ் ரோல் கொடுத்து அனுப்பினோம்.
கூட்டக் குறிப்பில் "பரிசீலிக்கப்படும்" என்றிருக்கும்.
கையெழுத்து என்னுடையது.

இதைச் சொன்னேன்.
சத்தமாகத்தான் சொன்னேன்.
ஃபேன் ஓடியது. யாரோ இருமினார்கள்.
"அது வேற விஷயம், சூப்," என்றார் டெரன்ஸ்,
சுபத்திராவில் அவர்களுக்கு எட்டிய அளவு பெயரால்.

பிரிய: நாற்பத்துநான்கு.
வேண்டாம்: பதின்மூன்று.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்ணுகிறவளின் கை எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
பணம் என்றால் அவர்கள் பக்கம்தான் நான்.
வேலி என்றால் இல்லை.
ஒரு கையை எப்படிப் பாதி தூக்குவது?

வெயில் தணிந்து பார்த்தால்
மூன்றாம் வளைவில் வின்ச்சின் டிராக்டர்.
கடப்பாரையும் சங்கிலியுமாக வின்ச்.
என்னைக் கண்டதும்
"சம்மேளனத்துக்காக இல்ல," என்றார்.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
கைல் ஊன்றுகோலோடு யூட்டின் பின்பலகையில் உட்கார்ந்து
"இன்னும், இன்னும்," என்கிறான்,
லாரியை ரிவர்ஸ் எடுக்க வைப்பவன்போல.

அடியில் கான்கிரீட். எந்தக் காலத்தில் யார் ஊற்றியதோ.
இருட்டுவதற்குள் ஒரு கம்பம் நகர்ந்தது.
இருபத்திரண்டு மிச்சம்.
பழைய குழியிலிருந்து எறும்புகள் ஏறி
என் ஷூவை விசாரித்தன.

செவ்கி வந்து நின்றாள்.
"என் லைசென்ஸ் எதுவரைக்கும்?"
"ஜூன் முப்பது."
விரல்விட்டு எண்ணினாள்,
பிறகு கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து குறிப்பை முடித்தேன்.
தீர்மானம் நிறைவேறியது.
பிற அலுவல்கள்: இல்லை.