பெட்டிப் பதிவேடு

எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையில்
ஒன்பதாம் பக்கம், அடியில், ஒரே வரி:
"குளிர்பெட்டி சேவை – நாற்பத்தொரு முறை."
படம் கிடையாது.

படம் உள்ளவை வேறு.
ஒரு தையல் மிஷினைப் பதினோரு பேர் சேர்ந்து கொடுப்போம்.
வாங்குகிற பெண் ஓரத்தில்
பாதி முகமாக இருப்பாள்.
கண் முகாமில் அறுபது கண்ணாடி,
ஊராட்சிப் பள்ளிக்கு நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும்,
முள்ளியாற்றங்கரையில் நூறு புங்கன்.
கன்றை ஆடு தின்றுவிட்டது. கூண்டு இருக்கிறது.
கூண்டில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன.

பெட்டி என் மெடிக்கலுக்குப் பின்னால்
குளுக்கோஸ் அட்டைகள் அடுக்கும் கொட்டகையில் நிற்கும்.
சர்க்கரை மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும்
முன்பக்கம் வருவார்கள்.
ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி
அதே வீட்டு ஆள் பின்பக்கம் வருவார்.
சீட்டு நீட்ட வேண்டியதில்லை,
நான் சாவியை எடுப்பேன்.
பாக்கி நிற்கும் மருந்துக் கணக்கை
அன்றைக்கு இருவருமே பேசமாட்டோம்.

பதிவேட்டில் ஐந்து கட்டம்:
பெயர், தெரு, எடுத்துப்போன நாள்,
திரும்பிய நாள், ஒப்பம்.
திரும்பிய நாள், பெட்டிக்கு.

வாங்கிய முதல் வருஷம், சித்திரைக் கூட்டத்தில்
ரைஸ்மில் கோதண்டபாணி எழுந்தார்.
குரலை உயர்த்தவில்லை.
வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"காலனிக்கும் போவுதுன்னா
அப்புறம் நம்ம தெருவுல எவன் அதுல படுப்பான்?"
படுக்கிறவனுக்கு என்ன தெரியப்போவுது என்று
யாரோ சிரித்தார்கள்.
எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.
செயலாளர் நான். மினிட் புத்தகத்தில் எழுதினேன்:
"பொருள் ஆறு. விவாதிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது."
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒத்திவைத்த பதினெட்டாம் நாள்
சம்பூரணம் இறந்துபோனாள்.
நாற்று பறிக்கிறவள்,
மூட்டுக்குத் தைலம் என்னிடம்தான் வாங்குவாள்.
மகன் திருப்பூரில் பஸ் ஏறியிருந்தான்.
திருத்துறைப்பூண்டி வந்துசேர ராத்திரியாகிவிடும்.
மருமகள் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றாள்.
"வெயிலா இருக்குண்ணே" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

தலைவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.
பொருளாளர் ஹாஜா நஜிமுதீன் எடுத்தார்.
"நாச்சிகுளத்துல ஒரு நிக்காஹ்ல இருக்கேன்.
சாவி உங்ககிட்டதானே இருக்கு?" வைத்துவிட்டார்.
லோடு ஆட்டோ வீரசேகர் அதற்குள்
ஒரு முனையைத் தூக்கியிருந்தான்.
மறுமுனைக்கு ஆள் இல்லை.
பிடித்தேன்.
வீரமெல்லாம் இல்லை, பெட்டி கனம்.

மூன்றாம் நாள் திரும்பியது.
மஞ்சள் தண்ணீரில் கழுவி,
வயரை வட்டமாகச் சுற்றி
வாழைநாரால் கட்டி.
பெரிய தெருக்களிலிருந்து ஒருமுறைகூட
யாரும் வயரைச் சுற்றி அனுப்பியதில்லை.

விஷயம் ஆவணிக்குள் தெரிந்துவிட்டது.
கோதண்டபாணி சண்டைக்கு வரவில்லை.
அம்மா நினைவாக இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்,
அதே கம்பெனி, அதே நீளம்,
பக்கவாட்டில் சிவப்பு ஸ்டிக்கரில் அம்மா பெயர்.
அந்தத் திறப்பு விழாவுக்கு மட்டும் படம் உண்டு.
"ரெண்டு ஆயிடுச்சு, இனி குழப்பம் இல்ல"
என்று தோளைத் தட்டினார்.
பதிவேட்டில் ஆறாவது கட்டம் போடச் சொன்னார்: பெட்டி எண்.

ஸ்டிக்கர் இரண்டு ஐப்பசி தாங்கியது.
முதலில் அம்மாவின் இனிஷியல் போனது,
அப்புறம் பிறந்த வருஷம், அப்புறம் சிவப்பு.
புயலில் ஊரே இருட்டிக் கிடந்த பன்னிரண்டு நாளும்
பள்ளிவாசல் ஜெனரேட்டரில்
இரண்டும் மாறி மாறி ஓடின.
எது எது என்று வீரசேகரைக் கேட்டால்
"குளிருறது ரெண்டும்" என்பான்.

ஆறாவது கட்டத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
ஸ்கேல் வைத்து, நேராக.
இதுவரை நிரப்பியதில்லை.
பொருள் ஆறு இன்னும் ஒத்திவைப்பில்தான் இருக்கிறது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கதவு தட்டியது.
தெரு கேட்டு எழுதிக்கொண்டேன்.
வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தூக்கினோம்.