நாளொன்றுக்கு மூன்று மீன்

பலகையில் இருந்ததை
எழுத்துக் கூட்டி வாசித்தவன் சில்வேரி.
எங்கள் பதினொரு பேரில்
ஐ.டி.ஐ. வரை போனவன் அவன்தான்.

விருந்தாளிகள் கவனத்துக்கு:
லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் தொடக்கூடாது.
ஒரு வாரத்துக்கு ஒரு சீட்டு. கைமாற்ற முடியாது.
ஆளுக்கு, நாளொன்றுக்கு, மூன்று மீன்.
தூண்டில் முள்ளில் மறுமுள் இருக்கக்கூடாது.
பிடித்ததை விற்கக்கூடாது.
ஆமையோ திருக்கையோ சிக்கினால்
தண்ணீரில் வைத்தே கயிற்றை அறுத்துவிட வேண்டும்.
பொழுது சாய்ந்தபின் மீனுக்கு ஓய்வு.

கடைசி வரியை அவனாகச் சேர்த்தானோ என்று
எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்தத் தீவின் பெயரை
வள்ளவிளையில் யாரும் சரியாகச் சொல்வதில்லை.
எனக்கும் நாக்கு வளையாது.
கேரை துரத்திய ராத்திரியில்
நீவாடு இழுத்துக்கொண்டு போனதா,
நீங்களாகவே போனீர்களா
என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள்.
இரண்டும்தான் என்றேன்.
மொழிபெயர்த்தவர் ஒன்றை மட்டும் சொன்னார்.

பகலில் படகுத்துறைக் கொட்டகையில் இருக்கலாம்.
சுற்றிலும் நீலக் கயிறு. தாண்டக்கூடாது.
கயிற்றுக்கு அப்பால் எங்கள் கொரற்றி மாதா
எஞ்சின் இறக்கி, பெயர் வெளிறி,
கோழிக்கூடு மாதிரி நின்றது.
சுற்றுலா வந்தவர்கள் அதை ஒட்டியே தூண்டில் போட்டார்கள்.
படகு நிழலில் மீன் கூடும்.
அது பலகையில் இல்லை.
அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு தொப்பிக்காரர்.
ஊர்த் திருவிழாவில் வாலண்டியர் மாட்டுவது போல
கழுத்தில் லைசென்ஸ் தொங்கியது.
மாட்டியது சின்னப் பாறை மீன்.
முள்ளை அடித்தொண்டை வரை விழுங்கியிருந்தது.
விட்டுவிட வேண்டிய அளவு, விடத் தெரியவில்லை.
அடுத்த வீட்டுப் பிள்ளை மடியில் மூத்திரம் பெய்தது போல
கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் காவல்காரனைப் பார்த்தேன்.
அவன் கடலைப் பார்த்தான்.

கயிற்றைத் தாண்டினேன்.
செவுள் வழியாக விரலை விட்டு
முள்ளைப் புரட்டி எடுப்பது
எங்கள் கரையில் இருட்டில் செய்கிற வேலை.
போன வேகத்தில் மீன்
என் முகத்தில் உப்பை அடித்துவிட்டுப் போனது.

அவர் கை குலுக்கி ஏதோ கேட்டார்.
கொட்டகையிலிருந்து சில்வேரி கத்தினான்:
"ஒனக்கு எத்தன வருசத்துக்கு லைசென்ஸ்னு கேக்காரு அண்ணா!"

பதினொரு பேரும் சிரித்தோம்,
நாற்பத்தாறு நாளில் அன்றைக்கு மட்டும்.

அவர் தந்துவிட்டுப் போனது
மீன் அளக்கிற பிளாஸ்டிக் பட்டை.
ஒவ்வொரு மீன் படத்துக்கு நேரேயும் ஒரு சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே என்றால் விட்டுவிட வேண்டும்.

அபராதம் கட்டினோம். எங்களை விட்டார்கள்.
படகை விடவில்லை.
இப்போதும் அதன் அடியில் மீன் கூடிக்கொண்டிருக்கும்.

பட்டை இங்கே அடுப்படிச் சுவரில் தொங்குகிறது.
ஜெறிலின் முழங்கையை வைத்து அளந்து பார்க்கிறாள்.
"எனக்க கை பாறைக்க கோட்டுக்கு எட்டல.
அப்போ என்ன விட்டுரணும்."
"யாரு மக்ளே ஒன்னப் பிடிச்சா?"
"டியூசன் டீச்சர்."

வேறொருவர் படகில் பங்குக்குப் போகிறேன்.
கடலுக்குப் போகாத ஞாயிறுகளில்
தூண்டில் வளைவுக் கல்லில் உட்கார்ந்திருப்பேன்.
போன வாரம் பெங்களூரிலிருந்து நாலு பேர்,
புதுக் கம்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
"அண்ணா, இங்க பிடிக்க பர்மிஷன் ஏதாவது வேணுமா?"

எனக்கு என்ன தெரியும்.
ஆனாலும் வாய் சொல்லிவிட்டது:
"ஆளுக்கு மூணு மீன்."

நம்பிவிட்டார்கள். பாவம்,
எண்ணி எண்ணிப் போட்டார்கள்.
இருட்டும்போது வாளியைக் கொண்டுவந்து காட்டினார்கள்.
பன்னிரண்டுக்கு மேல் ஒன்று இல்லை.
அதில் நாலைந்து கோட்டுக்குக் கீழே.

நான் கடலைப் பார்த்தேன்.