பதினேழாம் தகடு

இன்னும் நான்கு நாள்.
மெஸ் கணக்கை முடிக்கச் சொன்னேன்.
சொர்ணவள்ளி நோட்டைப் புரட்டி
நான் சாப்பிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்து
அறுபது ரூபாயைத் திருப்பித் தந்தார்.
அன்று எங்கே போயிருந்தேன்,
எனக்கே நினைவில்லை.

ஆறு மாதம் முன்பு கிள்ளானிலிருந்து
காரைக்குடிக்குத் துருவைப் படிக்க வந்தவள் நான்.
"துருவுக்கு ஒரு படிப்பா?
எங்க வீட்டு கேட்டுக்கு வந்து படிங்க"
என்றார் சைக்கிளை வாடகைக்குத் தந்த வயிரவன்.
போய்ப் பார்த்தேன். நல்ல துரு.
கீழ்க்கீல் பக்கம் அடுக்கடுக்காய்
பிஸ்கட் போல உதிர்ந்தது.
கொஞ்சம் சுரண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டேன்.
சிரிக்காமல் ரசீது கேட்டார்.

மற்றபடி என் தமிழ் இங்கே
பாதி வழியில் நின்று நின்றுதான் போனது.
ஒரு சொல் மட்டும் முதல் நாளே ஒத்துப்போனது:
பசியாறியாச்சா.
அங்கேயும் அதுதான் காலை உணவு,
இங்கேயும் அதுதான்.

எல்லோரும் கேட்கிறார்கள், "ஊருக்கு எப்ப?"
மகள் போனில் கேட்கிறாள்,
"இன்னும் எத்தனை தூக்கம்மா?"
யுகேஸ்வரிக்கு ஏழு வயது,
பின்னம் இப்போதுதான் பள்ளியில்.
மூன்றரை என்றேன்.
விமானத்தில் தூங்குவது அரைதான்,
கழுத்து வலிக்கும்.

மறுநாள் விடியற்காலை
தேவகோட்டை வழியாகத் தொண்டி பஸ்.
பெரிச்சியப்பன் கையில் ஸ்பேனரும்
இரண்டு சாக்குப் பையும்.
உப்புக் காற்றில் தொங்கவிட்ட
இருபத்து நான்கு இரும்புத் தகடுகளைக்
கழற்றிக்கொண்டு வர வேண்டும்.
எண்ணினோம். இருபத்து மூன்று.
திரும்ப எண்ணினோம்.
பதினேழு இல்லை.

டீக்கடையில்தான் இருந்தது.
பஜ்ஜி மடிக்கும் பேப்பர் கட்டின்மேல்
கறுப்பாக, வழவழவென்று,
என் எண் பொறித்த பக்கம் மேலே தெரிய.
"கயிறு அத்துக் கீழ கெடந்துச்சுக்கா.
அஞ்சு மாசமா இதுதான்
பேப்பரு பறக்காமப் புடிச்சிருக்கு."
துடைத்துத் தந்தார்.
ஒரு பொட்டுத் துரு இல்லை.
நாள் முழுக்க எண்ணெய்க் கை பட்ட இரும்பு.
நான் எழுதிக்கொண்டிருக்கும் இருநூறு பக்கத்தில்
இந்தப் பூச்சுக்கு இடமில்லை.

அதற்குள் காற்று வந்தது.
பேப்பர் நாலைந்து பெஞ்சுக்கடியில் ஓட
அவர் அவற்றின் பின்னால் ஓடினார்.
தகட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.
பெரிச்சியப்பன் இரண்டாவது டீ குடித்தார்.

ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் கழுவி
ஒவ்வொன்றாக எடை பார்த்தோம்.
மூன்றாவது தகடு, இரண்டு கிராம் இழப்பு.
ஒன்பதாவது அதற்கும் மேல்.
மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குவரை
கடல் தின்றதற்குக் கணக்கு இருக்கிறது.
பதினேழுக்கு நேராகக்
காணவில்லை என்று எழுதி, அடித்து,
பயன்பாட்டில் உள்ளது என்று எழுதினேன்.
கைட் கேட்பார். கேட்கட்டும்.

பெட்டி முப்பத்து நான்கு கிலோ.
அனுமதி முப்பது.
சீப்புச்சீடை டின்னை எடுத்து வெளியே வைத்தேன்,
பிறகு உள்ளே வைத்தேன்,
இரண்டு புத்தகத்தையும் ஒரு ஜோடிச் செருப்பையும் எடுத்தேன்.
தகடுகளில் மோசமாக அரித்த ஆறு மட்டும் போதும்.
திருச்சி விமான நிலையத்தில்
துருப்பிடித்த இரும்பை ஏன் கடத்துகிறாய் என்றால்
என்ன சொல்வது என்று
கண்ணாடி முன்னால் நின்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ராத்திரி போன்.
"இப்ப எத்தனைம்மா?"
ஒன்றரை என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை, விரல்விட்டுப் பார்க்கிறாள்.
"அந்த அரை எந்த ஊர்லம்மா?"

கீழே காதர் மைதீன் கடைப் பையன்
ரவிக்கைப் பொட்டலத்தோடு மணியடிக்கிறான்,
பத்து நாள் தாமதமாக.
இதோ வருகிறேன் என்று
இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.