கறுக்கும்வரை

ஜூலை இரண்டாம் வாரமே
மூன்று புதரும் சிவந்துவிட்டன.
என் தோளுயரம். கைக்கெட்டுவதெல்லாம் செர்ரி.
ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன்.
பல் கூசி, தாடை கூசி,
காதுமடல் வரை ஏறிற்று புளிப்பு.
நான்கு வருடம் உட்கார்ந்திருந்த
இலவு காத்த கிளி
கொட்டையைக் கனோலா வயல் பக்கம் துப்பியது.

நட்ட வருடம்தான் டேரல்
எண்ணெய் எடுக்கிற வேலைக்கு வடக்கே போனான்.
"சஸ்காட்சுவானில், மைனஸ் நாற்பதில், செர்ரியா?"
வண்டியை ரிவர்ஸ் எடுத்தபடி கேட்டான்.
இந்த வாசலில் அவன் பேசிய கடைசி வாக்கியம்.
நியாயமான கேள்விதான்.
முதல் குளிர்காலம் முடிந்து பார்த்தேன்:
பனி மூடிய உயரம்வரை மொட்டு,
அதற்கு மேலே விறகு.
அடிஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல.
அடுத்த நவம்பரிலிருந்து
பாதையில் தள்ளும் பனியையெல்லாம்
அள்ளி அள்ளி அவற்றின்மேல் கொட்டினேன்.
"புதைக்கிறாயா?" என்றார்
வேலிக்கு அப்பாலிருந்து வெர்னன் க்ளாசன்.
ஆமாம் என்றேன்.

வெர்னனுக்கு என்மேல் ஒரு வழக்கு உண்டு.
என் புதரின் வேர் வேலிக்கடியில் ஊர்ந்து
அவர் புல்தரையில் தலைநீட்டும்.
இரண்டு கோடை புல்வெட்டியை ஏற்றினார்.
மூன்றாவதில்
ஒரே ஒரு கன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போயிற்று இயந்திரம்.
அதைப் பற்றி அவரும் பேசவில்லை.
நானும்.

அவர் சிவப்பிலேயே பறித்துவிடுகிறவர். பறவை பயம்.
பாலும் மாவும் கலந்து
அவர் சபைக்காரர்கள் காய்ச்சும் குளிர்ந்த கூழில் போடுவார்,
சர்க்கரை டப்பாவின் அடி தெரியும்வரை.

நான் விட்டுவைத்தேன்.
ஆகஸ்ட் நடுவில் கருஞ்சிவப்பு,
பிறகு வெளிச்சத்தில் பிடித்தால்தான்
சிவப்பென்று ஒத்துக்கொள்கிற கறுப்பு.
அப்போது பறிப்பதென்று ஒன்றில்லை.
விரலை வைத்தால் காம்பு கிளையிலேயே நின்றுவிடும்,
பழம் மட்டும் உள்ளங்கைக்கு வரும்.
வராததை இழுக்கக் கூடாது.

வாக்ஸ்விங் குருவிகளும் இதே கணக்கில்தான் இருந்தன.
செவ்வாய்க்கிழமை
பள்ளிப் பேருந்தை பிரேக் சோதனைக்கு விட்டுத் திரும்புவதற்குள்
நடுப்புதர் காலி.
கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கொண்டைத் திருடர்கள்.
தின்ற களைப்பில் இரண்டு
கம்பிமேல் அப்படியே உட்கார்ந்திருந்தன.
திட்டினேன். நகரவில்லை.

மிச்சம் ஒன்றரை வாளி.
ஹேர்ப்பின்னைக் கார்க்கில் செருகி
காம்பு விட்ட குழியில் நுழைத்து ஒரு சுழற்று;
கொட்டை வரும், கூடவே
சட்டையெல்லாம் சாறு.
ஐந்நூறுக்குமேல் எண்ணவில்லை.
தேய்த்த மாவைத் தம்ளரால் வட்டமாக வெட்டி,
இரண்டு பழம், அரைக் கரண்டி சர்க்கரை,
விளிம்பை அமுக்கிக் கொதிநீரில் விட்டேன்.
அம்மா வழி உக்ரேனியர்களுக்கு இது வரேனிகி.
மிதந்தால் வெந்தது.
ஒன்று மட்டும் வாய்திறந்து
பானை முழுவதையும் காட்டிக்கொடுத்தது.

ஒரு தட்டை வேலிக்கு மேலே நீட்டினேன்.
வெர்னன் நின்றபடியே தின்றார்,
புளித்த க்ரீமைத் துடைத்துத் துடைத்து.
ஏழாவதில் கடக் என்றது.
இரண்டு பேருக்கும் கேட்டது.
நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு
கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்,
நீதிமன்றத்தில் சாட்சிப் பொருள் வைப்பதுபோல.
"எவ்வளவு சர்க்கரை?"
"அரைக் கரண்டி."
"போதும் போலிருக்கிறது."
அதைச் சொல்வது பல்லைவிட வலித்திருக்கும்.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள்.
ஏழேகாலுக்குப் பேருந்தின் கதவைத் திறந்தேன்.
ஸ்டியரிங் பிடித்த பத்து நகமும் கறுப்பு.
முதலில் ஏறிய பொடியன்
படியிலேயே நின்றுவிட்டான்.
"யாரைக் கொன்றீர்கள்?"
போய் உட்கார் என்றேன்,
பின்னால் நிற்கிறார்கள்.