ஆறரை

உலான்பாத்தர், எலும்பு முறிவு மருத்துவமனை,
மூன்றாம் அறுவை அரங்கு.
அலமாரியில் கையுறைகள்: ஏழரை, எட்டு, எட்டரை.
என் கைக்கு வேண்டியது ஆறரை.
"அந்த அளவு செவிலியருக்கு. கீழ்த்தளத்தில் கேள்,"
என்றார் பண்டகசாலை லுவ்சான்.
கேட்டேன். தீர்ந்துவிட்டதாம்.
ஏழரை ஆண்டுகள் ஏழரையே பிடித்திருந்தது என்னை.
விரல் நுனியில் கால் அங்குலம் வெற்று ரப்பர்.
முடிச்சுப் போடும்போதெல்லாம்
நூலோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும் அதன் நாக்கு.

ஜூலையில் குதிரைகள் எறிந்த சிறுவர்கள் வருவார்கள்,
ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கிய இடுப்புகள்.
உடைந்த எலும்புக்குப் பஞ்சமே இல்லை.
எலும்பு பலம் கேட்கும் என்பார்கள்.
எனக்குத் தெரிந்து அது கோணம் கேட்கும்.
ஓங்குமுன் மணிக்கட்டு எங்கே நிற்கிறது,
அவ்வளவுதான் கேள்வி.
ஆனாலும் கொக்கியால் சதையை விலக்கிப் பிடித்து
மரத்துப்போன தோளோடு நானும் ஹாலியுனும்;
சுத்தியல் வேறு கையில்.
"இன்று பார்த்துக்கொள். அடுத்த முறை உனக்கு."
அடுத்த முறையும் அதையே சொன்னார்கள்.

நர்மந்தாக் ஒரு காரியம் செய்தாள்.
புகார் எழுதவில்லை.
எண்ணினாள்.
மருந்துக் கம்பெனி கொடுத்த பச்சை நாட்குறிப்பில்
யார் தோலைக் கீறியது, யார் துளையிட்டது,
யார் கொக்கி, யார் தையல்,
பெயருக்குப் பக்கத்தில் கோடு, கோடு, கோடு.
வயிறு பெருத்து ஈய அங்கி கட்ட வராமல்
ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் மாட்டிக்கொண்டு
நின்றபடியே எண்ணினாள்.
பிள்ளை பிறந்த வாரங்களில் நான் எண்ணினேன்.

பதினோரு மாதம்.
இடுப்பு மூட்டு மாற்று நாற்பத்து மூன்று.
ஆண்கள் ஐவருக்கு நாற்பது,
பெண்கள் மூவருக்கு மூன்று.
அந்த மூன்றில் ஒன்று
துறைத் தலைவரின் விமானம் தாமதமான நாள்.

அவர் மேசையில் நாட்குறிப்பை வைத்தோம்.
பத்சைகான் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல்.
கெட்டவராயிருந்தால்
கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.
எக்ஸ்ரேயில் விரிசல் தேடுபவரைப் போல
எண்களைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.
"நான் யாரையும் ஒதுக்கவில்லையே."
"இல்லை," என்றாள் நர்மந்தாக்,
"நினைவுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டீர்கள்."
உப்புத் தேநீரில் ஆடை படியும்வரை
அவர் வாய் திறக்கவில்லை.

திங்கள் முதல் சுழற்சிப் பட்டியல்.
மாற்றம் என்று பார்த்தால்
ஒரு தாள், நான்கு குண்டூசி.
இருவர் எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள்.
ஒருவன், எதிர்பாராதவன்,
"எனக்கும் அந்தக் கணக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது" என்றான்.
உறுத்தியபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.
அன்று அவனோடு ஒரு தொடையெலும்பு இருந்தது எனக்கு.

ஹாலியுனுக்கு இது பிந்திவிட்டது.
மார்ச்சிலேயே தோல் மருத்துவத்துக்குப் போய்விட்டாள்.
சந்தையில் பார்த்தேன், ஒரு கை நிறைய வெங்காயத்தாள்.
"நன்றாகத் தூங்குகிறேன்" என்றாள்.
பிறகு என் உள்ளங்கையைத் திருப்பி
காய்ப்பு ஏறிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி,
துளைக்கருவி இப்போதும்
அதே கனம்தானா என்று கேட்டாள்.
அதே கனம்தான் என்றேன்.
கையை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்போது கொள்முதல் குழுவில் நானும் இருக்கிறேன்.
கையுறை, ஆறரை, நாற்பது பெட்டி.
'காரணம்' என்றொரு கட்டம் இருந்தது படிவத்தில்.
கைகள்,
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை பெட்டிகள் வந்தன.
"இத்தனையும் யாருக்கு?" என்றார் லுவ்சான்.
மாட்டிக் காட்டினேன்.
விரல் நுனிவரை விரல்.

நர்மந்தாக் இன்னும் எண்ணுகிறாள்.
இந்த ஆண்டின் நாட்குறிப்பு
நீலம்.